பெல்ஃபாஸ்டில் எண், ஃபிராங்க்ஃபர்ட்டில் படம்

பெல்ஃபாஸ்டுக்குப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் டைட்டானிக்கைப் பற்றித்தான் கேட்டார்கள். கேட்கட்டும், அந்தக் கப்பலைக் கட்டிய ஊர்தானே. ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் தளத்தின் மஞ்சள் ராட்சத கிரேன்கள் இரண்டும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. சாம்சன், கோலியாத் என்று அவற்றுக்குப் பைபிள் பெயர்கள். நான் போன காரியம் வேறு. ஒரு புரோட்டான் ஹைட்ரஜன் அணுவின் மீது மோதினால், அந்த அணுவிடம் இருக்கும் ஒரே எலெக்ட்ரானுக்கு என்ன ஆகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் ஊர் அது.

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோட்டான் ஒன்று அணுவை நெருங்கிக் கடந்து போகிறது. போகிற போக்கில் எலெக்ட்ரானைப் பறித்துத் தன்னோடு கொண்டுபோய்விடலாம். அல்லது தட்டிவிட்டுப் போகலாம். அப்போது எலெக்ட்ரான் இருவருக்கும் சொந்தமில்லாமல் தனியே பறக்கும். அணுவைச் சற்றே கிளர்ச்சியூட்டிவிட்டோ, ஒன்றுமே செய்யாமலோ போகவும் கூடும். பறித்துக்கொண்டு போவது எலெக்ட்ரான் கைமாற்றம், தட்டிவிடுவது அயனியாக்கம். எந்த வேகத்தில் எது எவ்வளவு நடக்கும்?

பள்ளிக்கூடத்துக் கணக்கு போலத் தோன்றும். இரண்டு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், ஆக மூன்றே பொருள்கள். ஆனால் மின்னூட்டமுள்ள மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நகரும் கணக்குக்கு, ஒரே சூத்திரத்தில் எழுதி முடிக்கக்கூடிய விடை கிடையாது. ஆல்ஃபா துகள்கள் ஓடுகிற ஓட்டத்தில் எலெக்ட்ரான்களைப் பிடிப்பதையும் விடுவதையும் பற்றி ரதர்ஃபோர்டு 1924இல் எழுதினார். 1928இல் ஓப்பன்ஹைமர், 1930இல் பிரிங்க்மன், கிராமர்ஸ் ஆகியோர் குவாண்டம் கணக்குப் போட்டார்கள். பின்னாளில் அணுகுண்டால் பேர்பெற்ற அதே ஓப்பன்ஹைமர்தான். அந்தக் கணக்கு கைமாற்றத்தை உள்ளதைவிடப் பல மடங்கு கூட்டிச் சொன்னது. ஆக, கணக்கை நம்பிச் சும்மா இருக்க முடியாது, அளந்தாக வேண்டும்.

பெல்ஃபாஸ்டில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. குடையோடு நடப்பவர்களைப் பார்த்தாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நனைந்துகொண்டே போகிறார்கள். தாவரவியல் பூங்காவின் வாசலருகே கெல்வின் பிரபுவின் சிலை நிற்கிறது. 1824இல் இந்த ஊரில் பிறந்தவர். பூங்காவுக்குள் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பனைமர வீடு. அதை வடிவமைத்த சார்ல்ஸ் லேன்யன்தான் பக்கத்தில் இருக்கும் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் செங்கல் கட்டடத்தையும் 1849இல் எழுப்பினார். கோபுரமும் கூர்மாடங்களுமாக, தேவாலயமா கல்லூரியா என்று சந்தேகம் வரும்படி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வேறொரு கட்டடத்துக்கு டேவிட் பேட்ஸ் என்று பெயர். நம் கதை அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

பேட்ஸ் 1916இல் வட அயர்லாந்தின் ஓமா என்ற ஊரில் பிறந்தவர். 1930களில் குவீன்ஸில் பாடம் நடத்த வந்த ஆஸ்திரேலியர் ஹாரி மாசியிடம் பயின்று, அவர் பின்னாலேயே லண்டன் போய், 1951இல் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியராக ஊர் திரும்பினார். வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆதிக் கேள்வி. இரவு வானத்துக்கு நட்சத்திர ஒளி போகத் தனியாக ஒரு மங்கல் ஒளி உண்டே, அது எப்படி வருகிறது? அதற்கு விடை தேடினால் அணுக்களும் அயனிகளும் மோதும்போது என்ன ஆகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதே காலத்தில் இங்கே வந்து சேர்ந்த அலெக்சாண்டர் டால்கார்னோவுடன் சேர்ந்து, வேகமான புரோட்டான் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைக் கவர்வதற்கு 1952இல் ஒரு கணக்குப் போட்டார். அடுத்த ஆண்டு கிரிஃபிங்குடன் சேர்ந்து அயனியாக்கத்துக்கும் போட்டார். மின்கணினி கைக்கு வராத காலம், எல்லாம் மேசைக் கணிப்பானிலும் காகிதத்திலும் நடந்த வேலை.

காகிதத்தில் இருந்ததைக் கருவியில் பார்க்க முனைந்தவர்கள் பலர். 1960இல் அமெரிக்காவில் ஃபைட் குழுவினர் ஹைட்ரஜன் அணுக் கற்றையின் குறுக்கே புரோட்டான் கற்றையை ஓட்டினார்கள். 1966இல் சாண்டியா ஆய்வகத்தில் மெக்ளூர் 2 முதல் 117 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வரை கைமாற்றத்தை அளந்தார். பெல்ஃபாஸ்டில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் கில்பாடி. 1964இல் அயர்லண்ட் என்பவரோடு அயனியாக்கத்தை அளந்தார். அயர்லண்ட் ஆளின் பெயர், நாட்டின் பெயரல்ல. பிறகு எம். பி. ஷாவோடு சேர்ந்து 1980களில் செய்த அளவீடுகள்தான் இந்தத் துறையின் பாடப்புத்தக எண்களாயின.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் ஓய்வுபெற்ற இயற்பியலாளர் ஒருவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொட்டானிக் அவென்யூவில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தோம். சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் முட்டையும் நிறைந்த தட்டு என் முன்னால். வடக்கு அயர்லாந்தில் காலை உணவு என்றால் மதியம் பட்டினி கிடக்கலாம். அவர் டீயை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஷ்யூ காகிதம் ஒன்றை விரித்துப் படம் வரைய ஆரம்பித்தார்.

"முதல் தொல்லை ஹைட்ரஜன்தான்," என்றார். "சிலிண்டரில் வருவது மூலக்கூறு. நமக்கு வேண்டியது அணு."

ஹைட்ரஜன் வாயுவை டங்ஸ்டன் குழாய் ஒன்றுக்குள் விட்டு, குழாயை 2,500 கெல்வினுக்கு மேல் கனல வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் மூலக்கூறுகளில் பெரும்பகுதி அணு அணுவாகப் பிரிந்து வெளியே வருகிறது. பெரும்பகுதிதான், முழுதும் அல்ல. பிரியாமல் தப்பித்த மூலக்கூறுகளும், வெற்றிட அறையில் எவ்வளவு பம்பு ஓட்டினாலும் மிச்சம் நிற்கும் வாயுக்களும் புரோட்டான் கற்றையில் அடிபடும். அவற்றிலிருந்தும் அயனிகள் வரும். வேண்டாத அயனிகளுக்கு நடுவே வேண்டிய அயனியை எப்படி அடையாளம் காண்பது?

டிஷ்யூவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று புரோட்டான் கற்றை, மற்றொன்று அணுக் கற்றை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு மின்புலம். அது மெதுவான நேர் அயனியை ஒரு பக்கமும் எலெக்ட்ரானை எதிர்ப்பக்கமும் இழுத்து, ஆளுக்கொரு உணர்கருவியில் சேர்க்கிறது. முன்னால் போன வேகமான துகளையும் அப்பால் ஒரு உணர்கருவி பிடிக்கிறது. கைமாற்றம் நடந்தாலும் அயனியாக்கம் நடந்தாலும் எலெக்ட்ரானை இழந்த மெதுவான புரோட்டான் ஒன்று மிஞ்சும். அதை மட்டும் எண்ணினால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே அது யாரோடு சேர்ந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதே கணத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒரு எலெக்ட்ரான் பதிவானால் அயனியாக்கம். அதே கணத்தில் முன்னால் மின்னூட்டம் இல்லாத வேகமான ஹைட்ரஜன் அணு ஒன்று பதிவானால் கைமாற்றம். உணர்கருவிக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, வந்தது புரோட்டானா, ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியா, அறையில் மிஞ்சிய நீராவியின் அயனியா என்று எடை போட்டுவிடலாம். கனமானது தாமதமாக வரும்.

"அவ்வளவுதான், எண்ண வேண்டியதுதான்," என்றார். எண்ணினார்கள். ஷாவும் கில்பாடியும் 1981இல் 38 முதல் 1500 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரைக்கும், 1987இல் எலியட் என்பவரும் சேர்ந்து 9 முதல் 75 வரைக்கும், 1998இல் இன்னொரு குழுவாக 1.25 முதல் 9 வரைக்கும் அயனியாக்கத்தை அளந்தார்கள். மேலேயிருந்து கீழே இறங்கியிருக்கிறார்கள். வேகம் குறையக் குறைய அயனியாக்கம் அரிதாகி, கைமாற்றக் கூட்டத்துக்குள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கடினமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1960களின் இறுதியில் மூண்ட உள்நாட்டுக் கலவரம் 1998இல் புனித வெள்ளி உடன்படிக்கையில்தான் ஓய்ந்தது. மூவாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கத்தோலிக்கர் தெருவையும் புரோட்டஸ்டண்டு தெருவையும் பிரிக்கும் சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. டாக்ஸி ஓட்டுநர்கள் சுற்றிக் காட்டுகிறார்கள். குண்டு வெடிக்கும் ஊரில் பம்பு ஓட்டி எலெக்ட்ரானை எண்ணிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன். "கரண்ட் போகாமல் இருந்தால் சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த டிஷ்யூவை எடுத்தார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்று புரிந்தது.

இரண்டாவது டிஷ்யூவில் அவர் வரைந்தது இரண்டு வளைகோடுகள். படுக்கை அச்சில் புரோட்டானின் ஆற்றல், செங்குத்து அச்சில் குறுக்குவெட்டுப் பரப்பு. அணு எவ்வளவு பெரிய இலக்காகப் புரோட்டானுக்குத் தோன்றுகிறது என்பதுதான் இந்தப் பரப்பு. சதுர சென்டிமீட்டரில் சொல்வது வழக்கம். கைமாற்றக் கோடு இடப்பக்கம் உச்சியில் தொடங்குகிறது. 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் அது 10⁻¹⁵ சதுர சென்டிமீட்டருக்கும் மேல். பாடப்புத்தகத்து போர் ஆரத்தை வைத்து வட்டம் போட்டால் வரும் ஹைட்ரஜன் அணுவின் பரப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரிது. தொடாமலே பறிக்க முடிகிறது என்று பொருள்.

எப்படி? பறிப்பதற்கு முன்னும் பின்னும் நிலைமை ஒன்றுதான். ஒரு பக்கம் அணு, ஒரு பக்கம் வெறும் புரோட்டான். கோயில் வாசலில் ஒரே கடையில் ஒரே அளவில் வாங்கிய இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தால், யார் எதை மாட்டிக்கொண்டு போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கேயும் அப்படித்தான், ஆற்றல் செலவே கிடையாது. புரோட்டான் மெதுவாகக் கடந்தால் எலெக்ட்ரான் இங்கும் அங்குமாகப் பல முறை போய்வருகிறது. இதைக் கண்ணால் பார்த்ததுபோல் காட்டியவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்த லாக்வுட், எவர்ஹார்ட் இருவரும். 3 டிகிரி கோணத்தில் சிதறிய துகள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆற்றலை மாற்றி மாற்றி அளந்தார்கள். கைமாற்ற வாய்ப்பு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பிரியும் கணத்தில் எலெக்ட்ரான் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தோடு போயிருக்கிறது. 1962இல் வந்த கட்டுரை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான வரைபடம் அதுதான்.

கைமாற்றக் கோடு வேகம் கூடக் கூடச் சரிகிறது, 25 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டினால் செங்குத்தாக விழுகிறது. அந்த ஆற்றலில் புரோட்டானின் வேகம் நொடிக்குச் சுமார் 2,190 கிலோமீட்டர். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானுக்கு உரிய வேகமும் அதே. அதற்கு மேல் புரோட்டானோடு ஒட்டிக்கொண்டு ஓட எலெக்ட்ரானால் முடிவதில்லை. 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் கைமாற்றம் 2இல் இருந்ததன் நூறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. இதற்குள் அயனியாக்கக் கோடு கீழேயிருந்து ஏறி, 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகே 10⁻¹⁶ சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உச்சி தொட்டு, மெதுவாகச் சாய்கிறது. இரண்டு கோடுகளும் அந்த 50க்குப் பக்கத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன.

டிஷ்யூவில் கோணலாகக் கிடந்த இந்த வெட்டுப்புள்ளி சும்மா இல்லை. சென்னை தரமணியில் 2019இல் திறந்த அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்தில் புரோட்டான்கள் பல கோடி எலெக்ட்ரான்வோல்ட்டில் உடலுக்குள் நுழைகின்றன. வழியில் அதிகம் சேதம் செய்யாமல் போய், கட்டி இருக்கும் ஆழத்தில் வேகம் தீர்ந்து நிற்கும்போது ஆற்றலைக் கொட்டுகின்றன. திசுவில் ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் மிக அதிகமாக ஆற்றலை விடுவது 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகில், பயணத்தின் கடைசி மைக்ரோமீட்டர்களில். அங்கே புரோட்டான் எலெக்ட்ரானைப் பிடிப்பதும் இழப்பதுமாக இருக்கிறது. உடலில் இருப்பது நீரும் புரதமும், தனி ஹைட்ரஜன் அணு அல்ல. ஆனாலும் நீர் மூலக்கூறுக்குப் போடும் கணக்கைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் ஹைட்ரஜன் அணுவில் அது சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு, அதுதான் என்னை அசத்தியது. அணுக்கருப் பிணைவு உலைகளில் எரிபொருளைச் சூடாக்க வேகமான நடுநிலை அணுக்களைக் கற்றையாக உள்ளே செலுத்துகிறார்கள். அயனியாக இருந்தால்தான் மின்புலத்தால் வேகப்படுத்த முடியும். ஆனால் உலையின் காந்தப்புலம் அயனியை உள்ளே விடாது. ஆகவே வேகப்படுத்திய நேர் அயனிகளை வாயு அறை ஒன்றின் வழியாக அனுப்பி எலெக்ட்ரானைப் பிடிக்க வைத்து, அணுவாக்கி உள்ளே விடுகிறார்கள். இங்கிலாந்தின் ஜெட் உலையில் 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அளவில் இந்த வழி ஒத்துவந்தது. பிரான்சில் எழும் ஐட்டர் உலைக்கு 10 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட் டியூட்டீரியம் அணுக்கள் வேண்டும். அந்த வேகத்தில் நேர் அயனி எலெக்ட்ரானைப் பிடிக்கவே பிடிக்காது. டிஷ்யூவில் செங்குத்தாக விழுந்த கோடு அதைத்தான் சொல்கிறது. வேறு வழியில்லாமல், ஒரு எலெக்ட்ரான் கூடுதலாக உள்ள எதிர் அயனிகளை உண்டாக்கி வேகப்படுத்தி, கடைசியில் அந்தக் கூடுதல் எலெக்ட்ரானை உதிர்க்கும் முறைக்குப் போக வேண்டியதாயிற்று. எதிர் அயனிகளை உண்டாக்குவது தலைவலி பிடித்த வேலை. ஒரு கோடு சரிந்ததால் வந்த வினை.

பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டன் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் போனேன், இந்த மோதல்களைப் படம் பிடிப்பவர்களைப் பார்க்க. வங்கிகளின் ஊர் என்பார்கள். வானுயரக் கோபுரங்களைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. நான் இறங்கியது பழைய பல்கலைக்கழகப் பகுதியான போக்கன்ஹைமில். ராபர்ட் மாயர் தெருவில் இயற்பியல் கழகத்தின் பழைய கட்டடம், மேலே ஒரு வானோக்கு நிலையம், சுவரில் ஒரு பலகை. 1922 பிப்ரவரியில் ஓட்டோ ஷ்டெர்ன், வால்டர் கெர்லாக் இருவரின் சோதனை இங்கே வெற்றி கண்டது. சூடான அடுப்பிலிருந்து வெள்ளி அணுக்களைக் கற்றையாக விட்டு, சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தினால் கற்றை இரண்டாகப் பிளந்தது. கண்ணாடியில் படிந்த வெள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை. ஷ்டெர்ன் புகைத்த மலிவுச் சுருட்டின் கந்தகம் பட்டு அது கறுத்துத் தெரிந்தது என்று அவரே பின்னாளில் சொன்ன கதை உண்டு. சோதனைக்குப் பணம் இல்லாமல், மாக்ஸ் போர்ன் கட்டணம் வாங்கிக்கொண்டு சார்பியல் பற்றிச் சொற்பொழிவு நடத்தினார். நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கோல்ட்மன் காசோலை அனுப்பினார். கோல்ட்மன் சாக்ஸ் குடும்பத்துக் கோல்ட்மன்தான். ஆக, வங்கிகளின் ஊருக்கு இயற்பியலிலும் வங்கிக் காசு வந்திருக்கிறது. யூதரான ஷ்டெர்ன் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்போது இயற்பியல் துறை இருப்பது நகரின் வடக்கே ரீட்பெர்க் வளாகத்தில். எட்டாம் எண் சுரங்க ரயில் தரைக்கு மேலே வந்து, புதுக் குடியிருப்புகளையும் வயல்களையும் கடந்து கொண்டுபோய் விடுகிறது. திரும்பிப் பார்த்தால் வங்கிக் கோபுரங்கள் வரிசையாகத் தெரிகின்றன.

ஆய்வு மாணவர் ஒருவர் என்னை நிலவறைக்கு அழைத்துப்போனார். சிகையலங்காரத்தில் அக்கறையில்லாத, இரவெல்லாம் கண் விழித்த முகம். சுற்றிலும் பம்புகளின் இரைச்சல். நடுவில் எஃகு அறை, அதைச் சுற்றி ஆளுயரத்துக்குச் செம்புக் கம்பிச் சுருள்கள், குழாய்களின் மேல் அங்கங்கே அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. வெற்றிடத்தைச் சுத்தமாக்க அறையைச் சூடேற்றுவார்களாம், அதற்காக. இதற்குப் பின்னுதைப்பு அயனி உந்த நிறமாலைமானி என்று நீண்ட பெயர். எளிதாக, வினை நுண்நோக்கி என்றும் சொல்கிறார்கள். ஹோர்ஸ்ட் ஷ்மிட்-பெக்கிங், யோவாகிம் உல்ரிச், ராய்ன்ஹார்ட் டோர்னர் முதலியோர் 1980களிலிருந்து 1990கள் வரை இங்கே வளர்த்தெடுத்த முறை.

பெல்ஃபாஸ்டில் அயனி வந்ததா என்று எண்ணினார்கள். இங்கே அது எந்தத் திசையில், எவ்வளவு உந்தத்தோடு வந்தது என்பதையும் கேட்கிறார்கள். புரோட்டான் மோதிப் பறந்த பிறகு, அடிபட்ட அணு மெல்லப் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலில் மோதலின் முழுக் கதையும் எழுதியிருக்கிறது, ஏனென்றால் உந்தம் எங்கும் தொலைந்துபோகாது. இங்கே இலக்கு ஹைட்ரஜன் அல்ல, ஹீலியம். ஆனால் அந்தப் பின்வாங்கல் அறை வெப்பநிலையில் ஹீலியம் அணுக்கள் தாமாகவே துள்ளும் துள்ளலைவிடச் சிறியது. துள்ளலை நிறுத்தினால்தான் படிக்க முடியும். அதனால் ஹீலியத்தை அழுத்தத்தில் ஒரு ஊசித்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறார்கள். விரியும் வாயு தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு 1 கெல்வினுக்கும் கீழே போய்விடுகிறது. ஷ்டெர்னின் அணுக் கற்றைக்கு நேர் வாரிசு இது. மாணவர் அதைப் பெருமையாகவே சொன்னார். மின்புலம் அயனியை ஒரு பக்கம் இழுக்கிறது, செம்புச் சுருள்களின் காந்தப்புலம் எலெக்ட்ரானைச் சுருள் பாதையில் மறு பக்கம் கொண்டுபோகிறது. இரு பக்கமும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுந்தது என்று பதிவாகிறது. எந்தத் திசையில் பறந்தாலும் தப்பாது.

கணினித் திரையில் படங்கள் வந்தன. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் சிவப்புத் திட்டுகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மோதல். 1996இல் டோர்னரும் கூட்டாளிகளும் இதே முறையில், மெதுவான புரோட்டான் ஹீலியத்தைக் கடக்கும்போது உதிரும் எலெக்ட்ரான்களைப் படம் பிடித்தார்கள். அவை இலக்கோடும் இல்லை, புரோட்டானோடும் இல்லை. இரண்டும் சம பலத்தோடு இழுக்கும் நடு மேட்டில் எலெக்ட்ரான் அகப்பட்டு, இரண்டும் விலகியபின் அங்கேயே கைவிடப்படுகிறது. புரோட்டானின் வேகத்தைச் சற்றே மாற்றினால் திட்டு அச்சின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறது. கனெக்டிகட்டில் இங்கும் அங்கும் போய்வந்த அதே ஊசலாட்டம், இம்முறை கைவிடப்பட்ட எலெக்ட்ரானில்.

வேகமான மோதல்களுக்கு இன்னொரு பழைய கதை. 1927இல் எல். எச். தாமஸ் குவாண்டத்தை விட்டுவிட்டுப் பந்து மோதல் போலவே யோசித்தார். புரோட்டான் எலெக்ட்ரானை அடிக்கிறது. எலெக்ட்ரான் 60 டிகிரி திரும்பி அணுக்கருவின் மீது மோதி, மறுபடி 60 டிகிரி திரும்பி, புரோட்டானின் திசையிலேயே அதே வேகத்தில் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஓடலாம். இது நடந்தால் புரோட்டான் 0.47 மில்லிரேடியன் விலகியிருக்க வேண்டும், அதாவது 1 கிலோமீட்டர் தூரத்துக்கு 47 சென்டிமீட்டர். 1983இல் ஹோர்ஸ்டால்-பெடர்சென், காக், ஷ்டோக்லி மூவரும் ஹீலியத்தில் அந்த இடத்தில் ஒரு சிறு மேட்டைக் கண்டார்கள். அணுக்கருவுக்குப் பதில் ஹீலியத்தின் இரண்டாவது எலெக்ட்ரான்மீது மோதியும் இது நடக்கலாம். அப்போது ஒரு எலெக்ட்ரான் கைமாறும், மற்றது வெளியே பறக்கும். ஒரே மோதலில் கைமாற்றமும் அயனியாக்கமும். மெர்கல் என்பவரும் ஃபிராங்க்ஃபர்ட் குழுவும் 1997இல் அதை இந்த வகைக் கருவியில் பிரித்துக் காட்டினார்கள். 2001இல் வந்த அவர்களுடைய அடுத்த முடிவுகளில், வெளியே பறக்கும் எலெக்ட்ரான் புரோட்டான் போகும் திசைக்கு எதிர்த்திசையில் போவதைக் கண்டார்கள். தாமஸின் பந்துகளால் அதை விளக்க முடியாது. ஹீலியத்துக்குள் இரண்டு எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று கவனித்து நகர்கின்றன, ஒன்றைத் திடீரென்று பிடுங்கினால் மற்றது தான் இருந்த இருப்பைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வெகு நாள் விவாதம் நடந்தது.

அன்று மாலை ஸாக்ஸன்ஹவுஸன் பக்கம் ஆப்பிள் மதுக்கடை ஒன்றில் மாணவரோடு உட்கார்ந்திருந்தேன். வெங்காயமும் வினிகரும் ஊற்றிய பாலாடைக்கட்டி வந்தது. மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். உங்கள் படங்களில் மொத்த எண்ணிக்கை எவ்வளவு என்று பார்ப்பீர்களா என்று கேட்டேன். "பெரும்பாலும் மற்றவர்கள் அளந்ததை எடுத்துக்கொண்டு எங்கள் அளவுகோலைப் பொருத்துவோம்," என்றார். வடிவம் இவர்களுடையது, அளவு வேறு யாரோ எண்ணியது.

இதைத்தான் எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஃபிராங்க்ஃபர்ட்டின் படங்கள் அட்டைப்படமாக வருகின்றன, விருதும் புகழும் பின்னால் வருகின்றன. தகுதியானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் உலை கட்டுகிறவர், நட்சத்திரங்களுக்கிடையே உள்ள வாயுவைக் கணக்கிடுகிறவர், சிகிச்சைக்கு மாதிரி எழுதுகிறவர் எல்லோரும் முதலில் திறப்பது பெல்ஃபாஸ்ட் மாதிரியான இடங்களில் எண்ணி வைத்த அட்டவணைகளைத்தான். ஒரே மாதிரி சலிப்பான வேலை. பிழை எவ்வளவு என்று சொல்ல ஆண்டுகள் பிடிக்கும். முடிவில் கிடைப்பது ஒரு பத்தி எண்கள். எண்ணுகிறவர்களுக்கு இப்போது நிதி தருவார் குறைவு.

பிரச்சினை முடியவும் இல்லை. 1981இன் அயனியாக்க எண்களுக்கு முழு அளவைத் தந்தது, மிக வேகமான புரோட்டானுக்கு மாக்ஸ் போர்னின் பெயரால் வழங்கும் முறையில் போட்ட கணக்குதான். பேட்ஸும் கிரிஃபிங்கும் 1953இல் போட்டார்களே, அந்த வகைக் கணக்கு. மிக உயர்ந்த ஆற்றலில் அது சரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அங்கே பொருத்தி, கீழே இறங்கி வந்தார்கள். அதன்பின் கணினிகள் வளர்ந்து, பல முறைகளில் செய்த விரிவான கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆனால் 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் உச்சிக்கு அருகே அவை பெல்ஃபாஸ்ட் எண்களைவிடச் சற்று மேலே நிற்கின்றன. பிரபஞ்சத்தின் மிக எளிய அணு, மிக எளிய மோதல், மிக முக்கியமான ஆற்றல். அங்கே கணக்கும் சோதனையும் கைகோக்கவில்லை. கணக்குக்காரர்கள் தங்கள் பக்கம்தான் சரி என்கிறார்கள். இருக்கலாம். சோதனையை மறுபடி செய்யாமல் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அந்த உச்சியை இன்றைய உணர்கருவிகளைக் கொண்டு, சுத்தமான ஹைட்ரஜன் அணுக் கற்றையில், எந்தக் கணக்கையும் சாராத அளவுகோலோடு யாராவது புதிதாக அளக்க வேண்டும். அதற்கு ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் இந்த ஆற்றல் வட்டத்தில் அயனிக் கற்றைகளை வைத்து வேலை செய்கிறார்கள். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் வாசகர் யாராவது இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.